எட்டு மணி தூங்கியும் ஏன் இந்த அசதி?

"ராத்திரி பத்து மணிக்குப் படுத்தேன். காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். ஆனாலும் பாருங்கள், பல் தேய்க்கக்கூடக் கை வரவில்லை!"

இப்படிச் சொல்லாத பெண்மணி நம் வீடுகளில் உண்டா, சகோதரிகளே? சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்படுவதும் உண்டு. ஏனென்றால் வரப்போகிற பதில் நமக்கு முன்கூட்டியே தெரியும். "வயசாகிறதோ இல்லையோ!" என்பார் ஒருவர். "நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, சரியாய்ப் போய்விடும்" என்பார் இன்னொருவர். வாய் திறவாதவர்கள் மனசுக்குள், "எல்லாம் சோம்பல்!" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அப்படித் தீர்ப்பு எழுதினவர்களில் நானும் ஒருத்தி. அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்திருக்கிறேன்.

என் மருமகள் ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி, நல்ல சுபாவம். சென்ற வருஷம் ஐப்பசியிலிருந்து அவள் போக்கில் ஒரு மாறுதல் கண்டேன். இரவு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவாள். காலை ஆறரைக்கு எழுந்து வரும்போதே முகம் வாடிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் எட்டு மணி வரையில் தூக்கம். எழுந்து காப்பியைக் குடித்துவிட்டு ஊஞ்சலில் சாய்ந்தால், பத்து மணிக்கு மறுபடியும் கண் செருகிக்கொள்ளும்.

"என்னம்மா, இன்னும் தூக்கம் தெளியவில்லையா?" என்று கேட்பேன்.

"தூங்கினேன் அத்தை. ஆனால் தூங்கின மாதிரியே இல்லை" என்பாள்.

நான் மேற்கொண்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் சமையலறையில் நான் பாத்திரங்களை எடுத்து வைத்த சத்தம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அந்தப் பாஷை புரியாத பெண் உண்டா, என்ன?

ஒரு நாள் சாயங்காலம் மாடிக்குப் போனவள் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பயந்துபோய் டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு ஓடினேன். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 7.9 கிராம்!

பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்த சோகை என்று பெயர். 8 கிராமுக்கும் கீழே போனால் கடுமையான சோகை.

"மாத விலக்கு எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எட்டு நாள், ஒன்பது நாள்..."

"எவ்வளவு காலமாக?"

"ஒரு வருஷமாக இருக்கும், டாக்டர். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்."

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே அடுப்பில் சமைக்கிறோம். இது எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அம்மா, தூங்கியும் அசதி என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். தூக்கம் முழுசாய் இருந்ததா? உடம்பில் ஏதாவது குறைகிறதா? மனசில் பாரம் இருக்கிறதா? அநேகமாய் இந்த மூன்றில் ஒன்றில் விடை இருக்கும்" என்றார். அன்று அவர் விளக்கியதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

தயிர் உறைய வேண்டாமா?

பாலில் உறை குத்தி வைக்கிறோம். அந்தப் பாத்திரத்தை அரை மணிக்கொருதரம் யாராவது அசைத்துக்கொண்டே இருந்தால், எட்டு மணி நேரம் ஆனாலும் கெட்டித் தயிர் கிடைக்குமா? தூக்கமும் அப்படித்தான். எத்தனை மணி நேரம் என்பது பாதிக் கணக்கு. அசையாமல் உறைந்ததா என்பது மீதிப் பாதி.

இரவு முழுவதும் நாம் ஒரே மாதிரி தூங்குவதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று மாறி மாறி வருகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிஷம். ஓர் இரவில் இப்படி நாலைந்து சுற்று. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாய் ஓடும் கனவுத் தூக்கம் ஒன்று உண்டு என்பதை 1953-ல் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அஸரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். ஆழ்ந்த தூக்கம் உடம்பைச் சீர்படுத்துகிறது. சுற்றுகள் நடுவில் கலைந்துகொண்டே இருந்தால், கடிகாரம் எட்டு மணி காட்டும். உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாது.

கலைப்பது எது? முதல் குற்றவாளி நமக்கு மிகவும் பிரியமானது. ஆம், காப்பிதான்! நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற ஒரு வஸ்து சேர்ந்துகொண்டே வருகிறது. அது ஏற ஏறத் தூக்கம் வருகிறது. காப்பியிலுள்ள காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடன்காரரை வாசலில் நிறுத்தி வைப்பதைப் போலத்தான், கடன் அடைந்தபாடில்லை. குடித்த காஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காப்பியில் பாதி, இரவு பதினோரு மணிக்கும் ரத்தத்தில் உலவிக்கொண்டிருக்கும். "எனக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது, குடித்த கையோடு தூங்குவேன்" என்பவர்கள் உண்டு. தூக்கம் வரும், வாஸ்தவம். ஆனால் ஆழம் குறைந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காப்பியும் டீயும் வேண்டாம் என்று இரண்டு வாரம் இருந்து பாருங்கள்.

இரண்டாவது, தலையணைக்கு அடியில் இருக்கும் செல்போன். மூன்றாவது, நம் ஊர்ப் புழுக்கம். உடம்பின் உள்சூடு சிறிது தணிந்தால்தான் தூக்கம் ஆழமாகும். நான்காவது, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். வாரமெல்லாம் ஐந்தரை மணிக்கு எழுந்துவிட்டு அன்று ஒரு நாள் ஒன்பது மணி வரை படுத்தால், உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் குழம்பிவிடும். திங்கட்கிழமை தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழித்தவுடன் அரை மணி நேரம் மந்தமாக இருப்பது இயற்கை. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். குளித்து, பலகாரம் சாப்பிட்டு, பத்து மணி ஆகியும் தெளியவில்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

குறட்டை கேலிக்குரியதா?

டாக்டரம்மா எங்களை அனுப்புவதற்கு முன், "வீட்டில் ஐயா குறட்டை விடுவாரா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்குக் குடும்பத்தில் கும்பகர்ணன் என்றே பெயர். "எங்கள் தெருவுக்குக் கூர்க்காவே தேவையில்லை" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நடுவில் குறட்டை நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறதா?"

ஆமாம். முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மௌனத்தில்தான் எனக்கும் சட்டென்று விழிப்பு வரும். அவருக்கோ பத்திரிகையை விரித்தால் ஐந்தாவது வரியில் தலை தொங்கிவிடும். மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் அடங்கவில்லை. ஒரு தடவை சிவப்பு விளக்கில் ஸ்கூட்டரை நிறுத்தினவர், பச்சை விழுந்ததே தெரியாமல் கண்ணயர்ந்திருக்கிறார்.

தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடுகிறது. பத்து விநாடி, சில சமயம் அதற்கும் மேல், மூச்சே நிற்கிறது. உடனே மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது. காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மணிக்கு 5 தடவைக்கு மேல் இப்படி நடந்தாலே கவனிக்க வேண்டும்; 30-க்கு மேல் போனால் கடுமை. ஒரு ராத்திரி கருவி பொருத்திப் பரிசோதித்ததில் எங்கள் வீட்டுக்காரருக்கு வந்த எண் 34!

இதற்கு ஒரு கருவி உண்டு. மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடி வழியாகக் காற்றை மெல்லச் செலுத்தி, மூச்சு வழி மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1981-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். முதல் வாரம் எங்கள் வீட்டுக்காரர், "இதென்ன யானைத் தும்பிக்கை!" என்று கோபித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் வாரம் பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

இது ஆண்கள் வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். மாத விலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகமாகிறது. பெண்களில் பலருக்குப் பெரிய குறட்டை இராது. காலையில் தலைவலி, வாய் உலர்ந்து போவது, நாள் முழுவதும் அசதி, இவ்வளவுதான் அடையாளம். எடை குறைவதும், ஒருக்களித்துப் படுப்பதும் ஓரளவு உதவும். மதுபானம் இதை மோசமாக்கும்.

ரத்தத்தில் என்ன குறைகிறது?

இனி இரண்டாவது கேள்வி. தூக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அசதி என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்த சோகையை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருத்திக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்!

ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச் சத்து வேண்டும். சுமக்க ஆள் குறைந்தால், எவ்வளவு தூங்கினாலும் தசைக்கும் மூளைக்கும் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேராது. ஹீமோகுளோபின் சரியாக இருந்து, உடம்பின் இரும்புச் சேமிப்பு மட்டும் வற்றியிருப்பதும் உண்டு. அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. படுத்ததும் கால்களில் ஒரு குறுகுறுப்பு, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி என்று சிலருக்கு இருக்குமே, அதற்கும் பல சமயம் இரும்புக் குறைவு காரணமாகிறது.

கீரை, பயறு, முட்டை, மீன், ஈரல் எல்லாம் நல்லவையே. சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலும், நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டாலும் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது போகட்டும். ஆனால் ஒன்று: பேரீச்சம்பழத்தையும் வெல்லத்தையும் மட்டும் நம்பி 7.9-ஐ 12 ஆக்கிவிட முடியாது. டாக்டர் சொல்லும் மாத்திரை வேண்டும். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். அப்போதுதான் சேமிப்பு நிரம்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். விலக்கு ஏழு நாளுக்கு மேல் நீண்டாலும், கட்டி கட்டியாகப் போனாலும், ஒரு மணி இரண்டு மணிக்கொருதரம் துணி மாற்ற வேண்டியிருந்தாலும் அது 'எல்லோருக்கும் உள்ளது' ஆகாது.

அடுத்தது தைராய்டு. கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பி மந்தமானால் அசதியோடு எடை கூடும், முடி கொட்டும், தோல் வறண்டுபோகும், மலச்சிக்கல் வரும், மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது நமக்கு மட்டும் குளிரும். டி.எஸ்.எச். என்ற ஒரே ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி கழித்துத்தான் காப்பி. இரும்பு, கால்ஷியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றையும் ஒரே மிடறில் விழுங்கிவிட்டு, "மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சைவ உணவுக்காரர்கள் பி-12 வைட்டமினையும் நினைவில் வைக்க வேண்டும். அது காய்கறிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் இவற்றில்தான் உண்டு. பாலையும் குறைத்துவிட்ட வயதானவர்களுக்கு அசதி, பாதத்தில் மரத்துப்போவது, மறதி எல்லாம் வரக்கூடும். சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையலாம். கட்டுப்படாத சர்க்கரையே ஒரு தனிக் காரணம். இரவில் மூன்று நாலு தடவை எழுந்து போனால் தயிர் எங்கே உறைவது? ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளின் மயக்கம் மறுநாள் காலை வரையில்கூட நிற்கும்.

மனசின் பாரம்

மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் நமக்குச் சங்கோசம். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பிறகு தூக்கமே வருவதில்லை. பிடித்த பாட்டைக் கேட்டாலும் பிடிக்கவில்லை. பசி இல்லை, அல்லது ஓயாமல் பசி. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால், அது மனச்சோர்வு வியாதியாக இருக்கலாம். "எதற்கு இந்த உயிர்?" என்ற எண்ணமே வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 2022-ல் அரசாங்கம் ஆரம்பித்த 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

வியாதியே இல்லாத பாரமும் உண்டு. கடைசியாகப் படுத்து முதலில் எழுகிறவள், நடுவில் குழந்தைக்கு இரண்டு தடவை எழுந்தவள், "எட்டு மணி தூங்கினேன்" என்று நினைத்துக்கொள்கிறாள். கணக்குப் போட்டால் ஐந்தரை மணிதான் தேறும். இதற்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது. இரண்டாவது தடவை எழ வீட்டில் இன்னொருவர் முன்வர வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒரு வாரம், பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், கடைசிக் காப்பி எப்போது, விலக்கு எத்தனை நாள், என்னென்ன மாத்திரை. பக்கத்தில் படுப்பவரிடம் குறட்டையைப் பற்றியும் கேட்டு எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் பழக்கங்களைத் திருத்தியும் அசதி போகவில்லையென்றால், அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, பி-12, சர்க்கரை இவற்றில் எவை வேண்டும் என்று அவர் சொல்வார். ஹீமோகுளோபின் பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வசதி உண்டு. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, காரணமில்லாமல் இளைப்பது, சாயங்காலக் காய்ச்சல் இவை சேர்ந்திருந்தால் நோட்டு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், உடனே போங்கள்.

என் மருமகளுக்கு ஸ்கான் எடுத்ததில் கருப்பையில் ஒரு சிறு கட்டி இருந்தது தெரிந்தது. அதற்கு வைத்தியம் நடந்தது. இரும்பு மாத்திரையும் தொடர்ந்தது. நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8-க்கு வந்துவிட்டது. முடிவைப் பார்த்த அன்று அவளிடம், "நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன், அம்மா" என்றேன். "தெரியும் அத்தை. பாத்திரம் சொல்லிற்று" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சமையலறையில் பாத்திரச் சத்தம் ஆறு மணிக்கே கேட்கிறது. உருட்டுவது அவள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது நான். முப்பது வருஷப் பாக்கி இருக்கிறதல்லவா?